நாலு முடிச்சு போட்ட குப்பை

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் முட்டுச்சந்து எங்களுடையது. மொத்தம் பதினோரு வீடு. ஆட்டோ உள்ளே வந்துவிட்டால் திரும்ப இடமில்லை, பின்னாலேயேதான் போயாக வேண்டும். இந்தப் பதினோரு வீட்டில் குப்பைக்கென்று ஒரு மரியாதை உண்டு என்றால், அது தங்கம் அக்கா வீட்டுக் குப்பைக்குத்தான்.

காய்கறித் தோலுக்கு ஒரு கவர், காபிச் சக்கைக்கு ஒரு கவர், மீன் முள்ளுக்குக் கவருக்குள் இன்னொரு கவர். ஒவ்வொன்றின் வாயையும் முறுக்கி நாலு முடிச்சு போடுவார். மூன்று போதாதா என்று ஒருமுறை கேட்டேன். மூன்று அவிழ்ந்துவிடும் என்றார். எல்லாம் ஒரே மாதிரி மஞ்சள் கவர், மேலே இரண்டு பச்சைக் கிளி எதிரெதிரே உட்கார்ந்திருக்கும். அவர் கணவர் பொன்ராஜ் தியாகராய நகரில் நடத்தும் ஜவுளிக் கடையின் கவர் அது. பிளாஸ்டிக் தடை வந்தபோது கடையில் மீந்த கட்டுகள் எல்லாம் வீட்டுப் பரணுக்கு வந்து சேர்ந்தன. ஒரு ஆயுளுக்குக் காணும்.

இவ்வளவு கட்டுமானத்துக்கும் அக்காவிடம் ஒரே காரணம்தான்.

"முத்தம்மா கையில அழுக்கு படக்கூடாதுல்லா தம்பி. நம்ம வீட்டு நாத்தத்த அவ எதுக்கு மோந்து பாக்கணும்?"

முத்தம்மா எங்கள் தெருவில் குப்பை எடுப்பவர். முன்பு மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு வருவார், இப்போது பேட்டரி வண்டி. தங்கம் அக்கா குடும்பம் தி. நகரில் கடைக்கு மேலே இருந்த வீட்டை விட்டு இங்கே வந்த ஏழு வருஷமாக, காலை ஏழு மணிக்கு வண்டி வந்து நின்றதும் உடன்குடிக் கருப்பட்டி போட்ட காபி ஒரு எவர்சில்வர் டம்ளரில் கேட்டுக்கு வந்துவிடும். அதைக் குடித்து முடிக்கும்வரை இருவரும் பேசுவார்கள். ஒருவர் பேசுவது தூத்துக்குடிப் பக்கத்துத் தமிழ், இன்னொருவர் பேசுவது மந்தைவெளித் தமிழ். மகள்கள் இருவரும் படிப்பு, வேலை என்று வெளியூர் போய்விட்டபின், அக்காவின் நாள் தொடங்குவதே அந்தப் பத்து நிமிஷத்தில்தான். முத்தம்மா வராத நாளில் அக்கா வைக்கும் குழம்பில் உப்பு கூடும். இதைப் பொன்ராஜ் அண்ணாச்சியே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நான் இந்தத் தெருவின் நலச்சங்கச் செயலாளர். நானாகக் கேட்டு வாங்கிய பதவி அல்ல. கூட்டத்துக்குத் தாமதமாகப் போனதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் என் பங்குக்கு ஒரு காரியம் செய்திருந்தேன். தங்கம் அக்கா வீட்டுக் குப்பை டப்பாவைப் படம் எடுத்துத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'எல்லோரும் இப்படிச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும்' என்று எழுதினேன். பதினாறு பேர் கைதட்டினார்கள். அந்தப் படத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மார்கழி முடிய ஒரு வாரம் இருந்த ஒரு காலை. பனிக்கு மஃப்ளர் கட்டிக்கொண்டு பால் வாங்க வெளியே வந்தேன். அக்கா வீட்டு கேட்டில் முத்தம்மா காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றிருந்தார். காபியில் ஆடை படிந்துவிட்டது.

"பொங்கலுக்கு அப்பால நான் இங்க வரமாட்டேன்கா. பாலவாக்கம் பக்கம் மாத்தறாங்கோ."

கேட்கக் கேட்க விவரம் வந்தது. குப்பை எடுக்கும் கம்பெனியில் ஆனந்தகுமார் என்று புதிதாக ஒரு சூப்பர்வைசர். வண்டியில் ஒவ்வொரு தெருவுக்கும் தனி டப்பாக்கள் வைத்து நம்பர் ஒட்டிவிட்டார். பச்சை டப்பாவில் மக்குவது, நீல டப்பாவில் மக்காதது. தெருவிலிருந்து நேராகக் குப்பை பிரிக்கும் கொட்டகைக்குப் போய், எடை போட்டு, திறந்து பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். எங்கள் தெருவுக்கு நேராகப் பத்து நாளில் எட்டு நாள் 'கலப்பு' என்று விழுந்திருந்தது. ஆள் சரியாகச் சொல்லி வாங்கவில்லை என்று முத்தம்மாவை மாற்றப்போகிறார்கள். போகிக்கு முந்தைய இரண்டு நாளும் போகியும் சேர்த்து மூன்று நாள் தொடர்ந்து சுத்தமாக வந்தால் மாற்றாமல் விட்டுவிடுவதாக ஆனந்தகுமார் சொல்லியிருக்கிறார்.

பாலவாக்கம் என்றால் இரண்டு பஸ். ஆறு மணிக்குக் கையெழுத்து. முத்தம்மாவுக்கு முட்டி வலி வேறு. அதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். ஆனால் முகத்தில் வந்து நின்றது அதுவல்ல. பொங்கலுக்கு அப்புறம் ஏழு மணிக்கு டம்ளரை எடுத்துக்கொண்டு யாரிடம் போவது என்ற பயம்தான் அந்த முகத்தில் இருந்தது.

"எந்த வீட்டுக்காரி செய்யுத வேலன்னு இன்னைக்கே பாத்திருதேன்," என்றார் அக்கா.

முத்தம்மா எதையோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அன்றைக்கே எங்கள் தெருவில் சோதனை தொடங்கியது. நான் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால், அக்கா கரண்டியோடு முன்னால். அந்தக் கரண்டிக்குத் தப்பிய டப்பா கிடையாது.

முதலில் மாட்டியது நான்தான். நீல டப்பாவில் என் பீட்சா அட்டைப்பெட்டி. எண்ணெய் ஊறிய அடி அட்டையைப் பழைய பேப்பர்க் கடையில்கூட எடுக்கமாட்டார்கள், மற்ற பேப்பரையும் கெடுத்துவிடும் என்று அக்கா வெளுத்து வாங்கினார். மூடியைக் கிழித்து நீலத்தில், எண்ணெய் அடியைப் பிய்த்துப் பச்சையில் போட வைத்தார். டிவி ரிமோட்டின் செத்த பேட்டரி ஒன்றும் உள்ளேயிருந்து வந்தது. அதற்குத் தனியாக ஒரு பாட்டில் வைக்கச் சொன்னார். எதிர்வீட்டு அப்துல் சமத் பாய் காகிதக் கப்புகளை அடுக்கிப் பழைய செய்தித்தாளோடு வைத்திருந்தார். கப்பைக் கிழித்து உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தோலை அக்கா உரித்துக் காட்டியதும், மனிதர் வெகுநேரம் அந்தத் தோலையே தடவிக்கொண்டிருந்தார்.

கடைசி வீடு வேம்பு மாமியுடையது. மூன்று தலைமுறையாக இந்தப் பக்கத்துக்காரர்கள். பொங்கலுக்குப் பரண் ஒழித்ததில் கொலு செட்டியார் பொம்மையின் தலை போய்விட்டது. உடல் மட்டும் மளிகைச் சாமான்களுக்கு நடுவே சம்மணமிட்டபடி பச்சை டப்பாவில் உட்கார்ந்திருந்தது.

"மண்ணுதானேடி தங்கம். மக்கிடும்னு நெனச்சுண்டு போட்டேன்," என்றார் மாமி.

அக்கா கரண்டியால் செட்டியாரைத் தட்டினார். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. களிமண் இல்லை, சுண்ணாம்பு மாவு. மேலே எனாமல் பெயிண்ட். நூறு வருஷம் ஆனாலும் செட்டியார் கடையைக் கட்டமாட்டார் என்று நான் சொன்னேன். மாமிக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. செட்டியாரைத் துளசிமாடத்துக்குப் பக்கத்தில் காவலுக்கு வைத்துவிட்டார்.

எல்லா வீடும் திருந்தியாயிற்று என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். தங்கம் அக்கா வீட்டு டப்பாவை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

மறுநாள் கலப்பு. அதற்கு மறுநாளும் கலப்பு.

மூன்றாம் நாள் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ராத்திரியில் வெளியாள் எவனோ வந்து கொட்டிவிட்டுப் போகிறான், கொட்டகைக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று என்னைக் கூப்பிட்டார். தரமணிக்குப் போகிற ஆபீஸ் பஸ்ஸை விட்டுவிட்டு நானும் போனேன். தகரக் கூரை போட்ட கொட்டகை கால்வாய் ஓரத்தில் இருந்தது. உள்ளே தெருத்தெருவாகக் குவியல்.

ஒரு மூலையில் முத்தம்மா குந்தியிருந்தார். அவர் முன்னால் ஒரு சின்னக் குவியல், அவ்வளவும் மஞ்சள். எல்லாவற்றிலும் இரண்டு பச்சைக் கிளி. ஒரு கவரை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு முடிச்சில் நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தார். வழுக்கியது. கையுறையைக் கழற்றிவிட்டு நெம்பினார். பிறகு குனிந்து முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார்.

தங்கம் அக்கா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"இது எங்க வீட்டுதுல்லா," என்றார் மெதுவாக.

முத்தம்மா நிமிர்ந்து பார்த்தார். கவரைப் பின்னால் மறைக்கப் போனார். பிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்.

"நீ இன்னாத்துக்குக்கா இங்கெல்லாம் வந்த? நாறும்."

"நீ எதுக்கு இத அவுத்துக்கிட்டிருக்க?"

"அவுக்காம போட்டா அரைக்கிற மிஷின்ல சுத்திக்கும்கா. உள்ள கீறது உரத்துக்குப் போவணும். கவர் தனியா போவணும். கட்டினது கட்டினபடியே கெடந்தா உள்ளயே அழுகிப் பூடும். அப்பால ரெண்டுமே ஒண்ணுத்துக்கும் ஆவாது."

"நான் பிரிச்சுத்தானட்டி போடுதேன். மக்குதது பச்சையில, மக்காதது நீலத்துல."

"பிரிச்சுத்தான் போட்ற. யார் இல்லன்னா? ஆனா கவர்ல கட்டிப் போட்ற. பச்ச டப்பால ஒம்போது கவர் இர்ந்தா சூப்பர்வைசருக்கு அது கலப்புதான்."

நான் என் செல்போனைச் சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினேன். அந்தப் படம் இன்னும் குழுவில் இருந்தது.

"அப்பம் அந்த எட்டு நாளும் நாந்தானா?"

முத்தம்மா கையிலிருந்த முடிச்சைத் திருகினார்.

"ஏழு வருசமாவா இப்படி அவுக்க?"

"மின்னாடியெல்லாம் தெரு முனையிலயே வண்டிய ஓரங்கட்டி அவுத்துருவேன். அர மணி நேர வேல. இப்போதான் நம்பர் ஒட்டிக்கீறாங்கோ, அப்டியே எட்த்துக்கினு வரணும். டைமு இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக்கூடாதா? நான் என்ன, ஒன்ன வையவா போறேன்?"

முத்தம்மா கையில் இருந்த கவரைக் கீழே வைத்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தத் தெருவுக்கு வந்த புதுசுல எல்லா வூட்லயும் மேல தெறிக்கிற மாரி கொட்டுவாங்கக்கா. மூஞ்சில கூட பட்ருக்கு. நீ வந்த மொத நாளே கட்டிக் குட்த்த. 'ஒன் கையில படக்கூடாது'ன்ன. இந்தக் கையப் பத்தி எங்கம்மாகூட நெனச்சதில்ல. அத்தப் போய் எந்த வாயால வேணான்றது?"

தங்கம் அக்கா அந்த ஈரத் தரையிலேயே முத்தம்மாவுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். பட்டுக்கரை போட்ட புடவை. எனக்குத் தெரிந்து அக்கா அழுது பார்த்தது அன்றுதான். அழுதுகொண்டே ஒரு கவரை எடுத்து, தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை. அடுத்ததை எடுத்தார். அதுவும் முடியவில்லை.

"இப்படி இறுக்கிக் கட்டி வச்சிருக்கேனே," என்று சொன்னவர் மூக்கை உறிஞ்சினார், பிறகு சிரித்துவிட்டார். முத்தம்மாவும் சிரித்தார். கொட்டகையில் மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னும் நான் என்னென்ன தப்பு செய்யுதேன்? ஒண்ணும் மறைக்காம சொல்லு."

அனுமதி கிடைத்ததும் முத்தம்மா ஏழு வருஷத்தையும் அவிழ்த்துக் கொட்டினார். பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைப்பது சரி, ஆனால் வெட்டிய மூலையைக் காபிச் சக்கையோடு போடுவது தப்பு. அந்தச் சின்ன முக்கோணத்தை உரத்திலிருந்து பொறுக்க யாராலும் முடியாது. முழுசாக வெட்டாமல் பாக்கெட்டோடு ஒட்டியிருக்கிற மாதிரி கீறினால் போதும். உடைந்த கண்ணாடியைக் கவருக்குள் கட்டி ஒளிக்கக் கூடாது. பேப்பரில் சுற்றி, இன்னது என்று சொல்லிக் கையில் கொடுக்க வேண்டும். ஊறுகாய் பாட்டிலைக் கழுவாமல் போட்டால் நீல டப்பா முழுக்க எண்ணெய். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் தயங்கினார்.

"அண்ணன் கடைல துணிப் பைன்னு குடுக்கறாங்களே. அத்தப் பத்தியும் சொல்லணும்கா."

அதைப் பொன்ராஜ் அண்ணாச்சியிடமே சொல்வதுதான் முறை என்று அக்கா முடிவு செய்தார். மறுநாள் காலை அண்ணாச்சி கடைக்குக் கிளம்பும் நேரத்தில் கேட்டில் பிடித்தோம். கவருக்குத் தடை வந்தபிறகு அவர் பெருமையாக அச்சடித்துக் கொடுத்துவரும் பை அது. அதே இரண்டு கிளி, கீழே 'இயற்கையைக் காப்போம்' என்று ஒரு வரி. மக்கும் துணிதான் என்று அக்கா கிழிந்த பைகளைப் பச்சை டப்பாவில் போட்டுவந்திருந்தார்.

"துணிதான்மா அது. நான் கையால தடவிப் பாத்துல்லா வாங்குனேன். முப்பது வருசம் துணி யாவாரம் பாக்கேன்," என்றார் அண்ணாச்சி.

முத்தம்மா அக்காவிடம் தீப்பெட்டி வாங்கி, அண்ணாச்சியின் தோளில் கிடந்த துண்டிலிருந்து ஒரு நூலை இழுத்துப் பற்றவைத்தார். சாம்பலாகி உதிர்ந்தது. அடுத்து பையின் காதில் ஒரு கிள்ளு கிள்ளி எடுத்துப் பற்றவைத்தார். அது சுருண்டு, உருகி, சொட்டாக விழுந்து தரையில் கறுப்பு மணியாக இறுகியது.

அண்ணாச்சி குனிந்து அந்த மணியை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். முப்பது வருஷ வியாபாரத்தில் துணி விஷயத்தில் யாரும் அவரை ஏமாற்றியதில்லை.

"அப்பம் இத்தன வருசமும் பிளாஸ்டிக்கையா குடுத்தேன்?" என்றார்.

"மத்தவங்களுக்கும் தெர்லண்ணே," என்றார் முத்தம்மா ஆறுதலாக.

அன்று மதியமே அண்ணாச்சி கடையில் வெட்டி மீந்த துண்டுத் துணிகளை மூட்டை கட்டி, பை தைக்கத் தையல்காரரிடம் அனுப்பிவிட்டார். சாயங்காலம் வந்து, பரணில் இருந்த கவர்க் கட்டுகள் அத்தனையையும் இறக்கி, அக்காவின் கைக்கு எட்டாமல் ஸ்கூட்டரில் ஏற்றி, பிளாஸ்டிக் வாங்கும் காயலான் கடையில் போட்டுவிட்டு வந்தார். மனிதருக்கு மனைவியின் கையைப் பற்றி நன்றாகத் தெரியும்.

கவர் இல்லாத முதல் நாள் அக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. டப்பாவின் அடியில் பழைய செய்தித்தாள் விரித்து, அதன்மேல் தோலும் சக்கையும் திறந்தபடி கிடந்தன. வீட்டு அடுப்படியைத் தெருவில் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கிறதே தம்பி என்று என்னிடம் முறையிட்டார். பேசும்போதே அவர் விரல்கள், அங்கே இல்லாத கவரின் வாயை முறுக்கிக்கொண்டிருந்தன. அன்றைக்கு நோட்டில் 'சுத்தம்' என்று விழுந்தது. மறுநாளும் அப்படியே.

போகி அன்று புகையும் பனியும் கலந்து சந்து முனையே தெரியவில்லை. ஆனந்தகுமார் நேரிலேயே வந்துவிட்டார். முப்பது வயது இருக்கும், முழுக்கைச் சட்டை, கையில் நோட்டு. தார்ப்பாய் ஒன்றை விரித்து, வண்டியில் இருந்த எங்கள் தெரு நீல டப்பாவைக் கவிழ்த்தார். காய்ந்த பால் பாக்கெட்டுகள், பாட்டில்கள், அட்டை. தலையாட்டினார். பச்சை டப்பாவைக் கவிழ்த்தார். பதினோரு வீடும் கேட்டில் நின்றது. வேம்பு மாமி வீட்டு வாடிய பூ, அப்துல் சமத் பாய் வீட்டு டீத்தூள், என் வீட்டு முட்டை ஓடு, அக்கா வீட்டுக் கருவேப்பிலைக் குச்சி. குச்சியால் கிளறிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். குனிந்து இரண்டு விரலால் ஒன்றைப் பொறுக்கினார்.

வெள்ளையாக, நகத்தளவு ஒரு முக்கோணம். பால் பாக்கெட்டின் மூலை.

முத்தம்மா வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். தங்கம் அக்கா தெருவுக்கு இறங்கிவிட்டார்.

"அது எங்க வீட்டுதுய்யா. காலையில தூக்கக் கலக்கத்துல பழைய பழக்கத்துக்கு வெட்டிட்டேன். என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க. அவள மட்டும் மாத்தாதீய."

ஆனந்தகுமார் முக்கோணத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எங்கம்மாகிட்ட நானும் தெனம் இதுக்குதாம்மா சண்ட போட்டுக்கினு கீறேன்," என்று சொல்லிவிட்டு, நோட்டில் எழுதி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார். சுத்தம்.

முத்தம்மா ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அந்தக் காலையில் மந்தைவெளி முழுக்கக் கேட்டிருக்கும்.

காணும் பொங்கலன்று மதியம், வேலை முடிந்து, அக்கா பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த புதுப் புடவையில் முத்தம்மா வந்தார். கையில் ஒரு மஞ்சள் கவர், அக்கா எப்போதோ பலகாரம் போட்டுக் கொடுத்தது. இரண்டு கிளி. நாலு முடிச்சு.

"இந்தா. அவுத்துப் பாரு," என்று அக்காவின் மடியில் வைத்துவிட்டு எதிரே குந்திக்கொண்டார்.

அக்கா நகத்தால் நெம்பினார். வழுக்கியது. அண்ணாச்சி உள்ளே போய்க் கத்திரியோடு வந்தார். முத்தம்மா கையை நீட்டித் தடுத்தார். ஏழு வருஷத்தில் தனக்கு யாரும் கத்திரி கொடுக்கவில்லை என்று நியாயம் பேசினார். முதல் முடிச்சு அவிழ ஐந்து நிமிஷம் ஆயிற்று. இரண்டாவதில் அக்காவின் நகம் ஒன்று ஒடிந்தது. கடைசி முடிச்சை அக்கா பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தார். உள்ளே வாழை இலையில் மடித்த வவ்வால் மீன் வறுவல், பட்டினப்பாக்கத்தில் காலையில் வாங்கியது. சூடும் மசாலா வாசனையும் முகத்தில் அடித்ததில் அக்காவின் கண்ணில் தண்ணீர் வந்தது. மசாலாவால்தான் என்று சொன்னார், நாங்களும் சரி என்றோம்.

சாப்பிட்டு முடித்ததும் முள்ளும் இலையும் பச்சை டப்பாவுக்குப் போயின. அக்கா கவரைக் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்தார். நீல டப்பாவில் போடப்போகிறார் என்று முத்தம்மா மூடியைத் திறந்துகொண்டு காத்திருந்தார். அக்கா அதை எட்டாக மடித்துப் புடவை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

"அது மக்காதுக்கா. எத்தினி வருசம் ஆனாலும் அப்டியேதான் கெடக்கும்," என்றார் முத்தம்மா.

"தெரியும்ட்டி," என்றார் அக்கா. "அதான் வைக்கேன்."